செவ்வாயில் ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்: பூமியில் இருந்தபடி கெர்னல் கோளாறைக் கண்டுபிடித்தது எப்படி?

லேப்டாப் ஹேங் ஆகிவிட்டால் என்ன செய்வோம்? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். அதுவும் சரிப்படாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, "ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்" என்போம். ஆனால், அந்தக் கம்ப்யூட்டர் செவ்வாய் கிரகத்தில் இருந்தால்?

1997 ஜூலை 4. நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப்பைகளால் போர்த்தப்பட்டு, செவ்வாயின் தரையில் பந்துபோல் குதித்துக் குதித்து இறங்கியது. உள்ளே இருந்து சோஜர்னர் என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி வெளியே வந்தது. படங்கள் வந்து குவிந்தன, உலகமே கொண்டாடியது. சில நாட்கள்தான். தரையிறங்கிய கலத்தின் கம்ப்யூட்டர் திடீரென்று தானாகவே ரீசெட் ஆனது. பிறகு மறுபடியும் ஆனது.

ரீசெட் ஆனால் கலம் செத்துப்போகாது. அதுவரை சேகரித்த தகவலும் அழியாது. ஆனால் பூமியிலிருந்து அன்றைக்குக் கொடுத்த வேலைகள் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், மிச்சத்தை மறுநாள்தான் தொடர முடியும். கலத்துக்குத் திட்டமிட்ட ஆயுளே 30 நாட்கள். அதில் ஒவ்வொரு நாள் வீணாவதும் பெரிய இழப்பு.

கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி, அதாவது ஜேபிஎல் பொறியாளர்கள் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: கை எட்டாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு இயந்திரத்தின் இயங்குதளத்துக்குள் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

கெர்னலை ஏன் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும்?

இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். எந்த வேலைக்கு எப்போது பிராசஸர் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு மெமரி, எந்தக் கருவியோடு யார் பேசலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். உங்கள் போனில் ஆண்ட்ராய்டுக்கு அடியில் லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாதாரண ஆப்பில் தவறு இருந்தால், டீபக்கர் என்ற இன்னொரு புரோகிராமை வைத்து அதை நிறுத்தி, வரி வரியாக ஓட்டிப் பார்க்கலாம். ஆப் நின்றாலும் கம்ப்யூட்டர் நிற்காது. கெர்னல் கதையே வேறு. அதை நிறுத்தினால் திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் நின்றுவிடும். டீபக்கரும் அதே கெர்னலை நம்பித்தான் ஓடுகிறது என்பதால் அதுவும் நின்றுவிடும். தனக்குத் தானே மயக்க மருந்து போட்டுக்கொண்டு தானே ஆபரேஷன் செய்துகொள்ளும் டாக்டரின் நிலைமைதான்.

அதனால்தான் இரண்டு மெஷின்கள் தேவைப்படுகின்றன. ஒன்று நோயாளி, அதை டார்கெட் என்பார்கள். இன்னொன்று டாக்டர், அது ஹோஸ்ட். டார்கெட்டின் கெர்னலுக்குள் ஒரு சின்னத் துண்டு நிரல் மட்டும் விழித்திருக்கும். ஹோஸ்ட் கேட்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்லும்: இந்த முகவரியில் என்ன இருக்கிறது, எந்த வரியில் நிற்கிறாய், ஒரு அடி முன்னால் போ. லினக்ஸில் இதைச் செய்யும் கேஜிடிபி 2008-ல் அதிகாரபூர்வ கெர்னலுக்குள் சேர்ந்தது. விண்டோஸ்காரர்களுக்கு வின்டிபக்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், முதல் நாள் முழுக்க பக் தேடுவதில் போகாது. டீபக்கரை இணைப்பதிலேயே போய்விடும்.

"கனெக்டே ஆகலையே!"

பழைய, ஆனால் இன்றும் நம்பகமான வழி சீரியல் கேபிள். வினாடிக்கு 1,15,200 பிட் என்பது இதில் வழக்கமான வேகம். இன்றைய பிராட்பேண்டோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டிதான். ஆனாலும் கெர்னல் டெவலப்பர்கள் இதைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. கெர்னல் பாதி செத்த நிலையிலும் சீரியல் போர்ட்டில் ஒரு எழுத்தை வெளியே தள்ள அதிக நிரல் தேவையில்லை. யுஎஸ்பி அப்படி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய டிரைவர் படையே உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் டார்கெட்டில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரைச் செருகிவிட்டு "ஏன் வேலை செய்யலை?" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். ஹோஸ்ட் பக்கம் அந்த அடாப்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. டார்கெட் பக்கம் அது பெரும்பாலும் உதவாது.

இணைப்பு வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது டீபக்கரை மூடி வைப்பது. கம்பி உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். டார்கெட் சாதாரணமாக ஓடும்போது ஒரு பக்கம் நான்கு எழுத்துகளை அனுப்பினால் மறுபக்கம் வர வேண்டும். கிறுக்கலாக வந்தால், இரு பக்க வேகமும் பொருந்தவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒன்றுமே வராவிட்டால், ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியோடு இணையவில்லை, அல்லது போர்ட் பெயர் தவறு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைத் தாண்டிவிட்டு நேராக டீபக்கர் செட்டிங்கில் போய் உட்காருபவர்கள்தான் மதியச் சாப்பாட்டையும் மறப்பவர்கள்.

விண்டோஸில் நெட்வொர்க் கேபிள் வழியாகவே கெர்னலை டீபக் செய்யலாம், வேகமும் அதிகம். இங்கே வில்லன்கள் வேறு. டார்கெட்டின் நெட்வொர்க் கார்டு இந்த வேலைக்கு ஆதரவு பெற்றதாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே போர்ட் எண், ஒரே ரகசியச் சாவி வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஹோஸ்ட் மெஷினின் ஃபயர்வால் வந்த தகவலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆபீஸ் லேப்டாப்பில் முயல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், டீபக் அமைப்பை மாற்றவே விண்டோஸ் விடாது. அதை அணைக்கப் போனால் பிட்லாக்கர் விழித்துக்கொண்டு, "ரெக்கவரி கீ எங்கே?" என்று கேட்கும். அந்தச் சாவியை முன்பே எடுத்து வைக்காதவர்கள், பக் தேடப் போய் தங்கள் ஃபைல்களையே தேடும் நிலைக்கு வந்துவிடுவார்கள்.

சரி, கனெக்ட் ஆகிவிட்டது. ஆனால், திரையில் தெரிவது அர்த்தமே இல்லாத முகவரிகள். இங்கே இரண்டு காரணங்கள் சகஜம். ஒன்று, டார்கெட்டில் ஓடும் கெர்னலும் ஹோஸ்ட்டில் வைத்திருக்கும் சிம்பல் ஃபைலும் ஒரே பில்டைச் சேர்ந்தவை அல்ல. நேற்று கம்பைல் செய்த கெர்னலுக்கு இன்றைய சிம்பல் ஃபைல் பொருந்தாது. இரண்டாவது, ஹேக்கர்கள் ஊகிக்க முடியாதபடி, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கெர்னல் மெமரியில் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது. பாதுகாப்புக்கு நல்லது, டீபக்கருக்குத் தலைவலி. லினக்ஸில் பூட் செய்யும்போதே இந்த இடமாற்றத்தை நிறுத்தி வைக்க ஒரு ஆப்ஷன் உண்டு. சோதனை மெஷினில் மட்டும் அதைச் செய்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. கெர்னலை ஒரு இடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு வந்தால் டார்கெட் ரீபூட் ஆகியிருக்கும். வாட்ச்டாக் செய்த வேலை அது. கெர்னலிடமிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் "உயிரோடுதான் இருக்கிறேன்" என்ற குரல் வராவிட்டால், சிஸ்டத்தை ரீசெட் செய்வதற்கென்றே இருக்கும் காவல்காரன். டீபக்கரால் நின்றதா, உண்மையிலேயே செத்ததா என்று அதற்குத் தெரியாது.

இது எல்லாவற்றையும்விடக் கடினமானது, பார்க்கப் போனால் மறைந்துவிடும் பக். இரண்டு வேலைகளுக்கு இடையே சில மைக்ரோ செகண்ட் முன்பின்னானால் மட்டும் வரும் கோளாறு, டீபக்கரை மாட்டியதும் நேரக்கணக்கு மாறிப்போய் வராமலேயே இருந்துவிடும். பாத்ஃபைண்டரில் இருந்தது இந்த ஜாதி பக்தான்.

10 நிமிடத் தாமதத்தில் டீபக்கிங்

பாத்ஃபைண்டர் இறங்கிய சமயத்தில் பூமியிலிருந்து ஒரு ரேடியோ சிக்னல் செவ்வாயை அடைய 10 நிமிடங்களுக்கு மேல் ஆனது. பதில் வர அதே அளவு. "நில்" என்று சொல்லி, "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டுப் பதில் வாங்கும் வழக்கமான டீபக்கிங் இங்கே நடக்காத காரியம். அப்படியே நிறுத்தினாலும், விண்கலத்தின் ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்வதும் அதே கம்ப்யூட்டர்தான். அதை நிறுத்தத் துணிபவர் யார்?

அதனால் பொறியாளர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ஜேபிஎல் ஆய்வகத்தில் அந்தக் கம்ப்யூட்டர் அமைப்பின் நகல் இருந்தது. செவ்வாயில் ரீசெட் ஆன அன்று கலம் என்னென்ன வேலைகள் செய்ததோ, அதே வேலைகளை நகலில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது, முன்பே மென்பொருளுக்குள் விட்டுவைத்திருந்த ஒரு பதிவேடு. எந்த வேலை எப்போது தொடங்கியது, எது எதற்காகக் காத்திருந்தது, எப்போது எந்த இன்டரப்ட் வந்தது என்று தொடர்ந்து எழுதிக்கொண்டே போகும் டிரேஸ் வசதி அது. இடம் நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். மிஷனின் மென்பொருள் குழுத் தலைவர் கிளென் ரீவ்ஸ் பின்னர் எழுதிய விளக்கத்தின்படி, இது தற்செயலாக விடுபட்டுப்போன டீபக் நிரல் அல்ல. எதைச் சோதித்தோமோ அதையே பறக்கவிட வேண்டும் என்பது குழுவின் கொள்கை, அதனால் வேண்டுமென்றே விடப்பட்டது. அது கொட்டும் தகவலின் அளவு அதிகம் என்பதால் செவ்வாயிலிருந்து அனுப்ப முடியாது, ஆய்வகத்தில்தான் பயன்படும்.

18 மணி நேரத்துக்குள் நகல் கம்ப்யூட்டரும் அதே மாதிரி விழுந்தது. பதிவேட்டைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது.

மேனேஜரைக் காக்க வைத்த டிரெய்னி

அதைப் புரிந்துகொள்ள ஒரு ஆபீஸைக் கற்பனை செய்யுங்கள். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். பதவி உயர்ந்தவர் வந்தால் கீழே இருப்பவர் உடனே எழுந்து இடம் விட வேண்டும் என்பது விதி. ஒரு டிரெய்னி, ஆபீஸில் இருக்கும் ஒரே லெட்ஜரை எடுத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். பதிவு முடிந்தால்தான் லெட்ஜரைத் திருப்பித் தர முடியும். பாதியில் ஒரு கிளார்க் வருகிறார், டிரெய்னி எழுந்துவிடுகிறார். லெட்ஜர் மட்டும் அவர் கையிலேயே இருக்கிறது. இப்போது மேனேஜர் வருகிறார், அவருக்கு அந்த லெட்ஜர் வேண்டும். டிரெய்னி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். ஆனால், டிரெய்னிக்குக் கம்ப்யூட்டரே கிடைக்கவில்லை. கிளார்க்குகள் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு லெட்ஜரும் தெரியாது, மேனேஜர் காத்திருப்பதும் தெரியாது.

யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் கிளார்க்குகள் முடிக்கும்வரை மேனேஜர் நிற்கிறார். இதைத்தான் பிரையாரிட்டி இன்வெர்ஷன், அதாவது முன்னுரிமை தலைகீழாவது என்கிறார்கள்.

பாத்ஃபைண்டரில் டிரெய்னி, செவ்வாயின் வானிலைத் தகவலைச் சேகரிக்கும் வேலை. முன்னுரிமை வரிசையில் கிட்டத்தட்ட கடைசி. மேனேஜர், கலத்தின் கருவிகளை இணைக்கும் தகவல் பாதையிலிருந்து வருவதை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை. லெட்ஜர், இருவருக்கும் பொதுவான பைப்பைக் காக்கும் மியூடெக்ஸ் என்ற பூட்டு. அந்தப் பூட்டு, விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்துக்குள்ளேயே இருந்தது. விண்கல மென்பொருளை எழுதியவர்கள் அதை நேரடியாகப் போடவில்லை, செலக்ட் என்ற வசதியைக் கூப்பிட்டபோது அதுவே உள்ளே போட்டுக்கொண்டது.

ஒரு வினாடிக்கு 8 முறை இந்தச் சுற்று நடக்கும். அடுத்த சுற்றைத் திட்டமிடும் இன்னொரு வேலை, வரிசையில் அதைவிட மேலே இருப்பது, விழித்தெழும்போது முந்தைய சுற்றின் பகிர்வு முடிந்ததா என்று பார்க்கும். முடியவில்லை என்றால் ஏதோ பெரிய தவறு என்று முடிவுகட்டி ரீசெட் செய்துவிடும். பார்த்தது, முடியவில்லை, செய்தது.

கோவையில் படித்தவரின் ஆய்வு

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாக இல்லை. அது 1990-லேயே அச்சாகியிருந்தது. லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை சொன்ன வழி இது: டிரெய்னி கையில் லெட்ஜர் இருந்து, மேனேஜர் அதற்காகக் காத்திருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் டிரெய்னிக்கு மேனேஜர் அந்தஸ்தைக் கொடுத்துவிடு. கிளார்க்குகள் எழுந்து இடம் விடுவார்கள், டிரெய்னி முடிப்பார், லெட்ஜர் கைமாறும், அந்தஸ்து பழையபடி இறங்கிவிடும். இதன் பெயர் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். மூவரில் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

விஎக்ஸ்வொர்க்ஸில் இந்த வசதி இருந்தது. ஆனால், அந்தக் குறிப்பிட்ட பூட்டுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேகம் குறையக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு.

ஒரு ஸ்விட்சை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதானே? அவ்வளவு சுலபம் இல்லை. அந்த ஸ்விட்ச் ஒரே ஒரு பூட்டுக்கானது அல்ல. மாற்றினால் அதற்குப் பிறகு அந்த வசதி உருவாக்கும் எல்லாப் பூட்டுகளுக்கும் பொருந்தும். மற்ற வேலைகளின் நடத்தை மாறுமா, வேகம் எவ்வளவு குறையும், வேறு ஏதாவது கெட்டுப்போகுமா என்று ஆராய்ந்த பிறகே மாற்ற முடிவெடுத்தார்கள்.

இந்தக் கதை இணையத்தில் இன்னொரு வடிவத்திலும் சுற்றுகிறது. செவ்வாயில் இருந்த கம்ப்யூட்டரின் கமாண்ட் லைனுக்குள் நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த நிரலின் மதிப்புகளை நேரடியாக மாற்றினார்கள் என்று. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரீவ்ஸ் அதை மறுத்திருக்கிறார். அப்படிச் செய்ய வசதி இருந்தும் அவர்கள் அதைத் தொடவில்லை. கலத்தில் இருக்கும் மென்பொருளுக்கும் இருக்க வேண்டிய மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினார்கள். கலத்தில் இருந்த தனி நிரல் ஒன்று அதைப் பலமுறை சரிபார்த்து, உள்ளே இருந்த பிரதியைத் திருத்தியது. புரொடக்‌ஷன் சர்வரில் நேரடியாகக் கைவைக்காதே என்று இன்று ஐடி நிறுவனங்களில் சொல்வார்களே, அதேதான்.

டெஸ்டிங்கில் ஏன் மாட்டவில்லை?

மாட்டியது என்பதுதான் உண்மை. தரையிறங்கும் முன்பே இந்த ரீசெட்டைக் குழு பார்த்திருந்தது. ஆனால் மறுபடி வரவழைக்க முயன்றபோது வரவில்லை. அதை மறந்துவிடவில்லை, அலட்சியப்படுத்தவும் இல்லை என்கிறார் ரீவ்ஸ். தரையிறங்கும் கட்டத்துக்கான மென்பொருள் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதில்தான் அப்போது முழுக் கவனமும் இருந்தது. அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். தரையிறங்காமல் நொறுங்கியிருந்தால் ரீசெட்டைப் பற்றிப் பேசவே ஆள் இருந்திருக்காது.

இன்னொரு காரணம் கொஞ்சம் விசித்திரமானது. எல்லாம் மிக நன்றாக நடந்தால் எவ்வளவு தகவல் வரும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுவரை சோதித்திருந்தார்கள். செவ்வாயில் அதைவிடவும் நன்றாக நடந்துவிட்டது. தகவல் அனுப்பும் வேகம் எதிர்பார்த்ததைத் தாண்டியது. அதற்கேற்ப அறிவியல் வேலைகளும் கூடின. கிளார்க்குகளின் எண்ணிக்கை ஏறியது, டிரெய்னி மாட்டிக்கொண்டார்.

திருத்தத்துக்குப் பிறகு கலம் தொடர்ந்து உழைத்தது. 30 நாட்களுக்கு எனப் போனது, செப்டம்பர் 27 வரை பூமியோடு பேசியது.

அந்த ஆண்டு டிசம்பரில் ரியல் டைம் சிஸ்டம்ஸ் பற்றிய ஐஇஇஇ மாநாட்டில், விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். 1990 கட்டுரையை எழுதிய மூவருமே அன்று அந்த அரங்கில் இருந்தார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2004 ஜனவரியில், அதே ஜேபிஎல் வேறொரு பதற்றத்தைச் சந்தித்தது. ஸ்பிரிட் என்ற செவ்வாய் ஊர்தி திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது, தூங்கவும் போகவில்லை, பேட்டரி கரைந்தது. அதிலும் விஎக்ஸ்வொர்க்ஸ்தான். ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் அதிகமாகி, அவற்றின் பட்டியலை ஏற்றவே ராம் போதாமல் போனது கோளாறு. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதே பட்டியலை ஏற்றப் போய் அதே இடத்தில் விழுந்தது. ஃபிளாஷைத் தொடாமலேயே பூட் ஆகு என்று உத்தரவிடும் ஒரு வழியை முன்பே வைத்திருந்ததால் ஊர்தி பிழைத்தது. 2010 வரை அதிலிருந்து சிக்னல் வந்தது.

உங்கள் நிரலில் இது இருக்கிறதா?

2006-ல் லினக்ஸ் கெர்னலிலும் பயனர் நிரல்களின் பூட்டுகளுக்குப் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் வந்துவிட்டது. ரோபோ, டிரோன், கார் எலெக்ட்ரானிக்ஸ் என்று நேரம் தவறக் கூடாத துறைகளில் வேலை செய்பவர்கள் அதை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள்.

ஆனால், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையில் ஒரு மியூடெக்ஸை உருவாக்கும்போது எதுவும் குறிப்பிடாமல் விட்டால் இந்த வசதி சேராது. பூட்டை உருவாக்குபவர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பாத்ஃபைண்டரில் இருந்த ஸ்விட்ச், இன்றும் ஆஃப் நிலையில்தான் கைக்கு வருகிறது.